மீன் தொட்டி வீடு மாறும்போது

ஆடி முடியட்டும் என்று காத்திருக்கிற வீடுகள் சங்கரன்கோவிலில் நிறைய உண்டு. ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, கோமதியம்மன் சன்னதித் தெருக்களில் வண்டி போக இடம் கிடைத்து, ஆவணியும் பிறந்துவிட்டால் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் குட்டியானையில் ஏறும். இவற்றை ஏற்றி இறக்குவதில் கைதேர்ந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கூடத்து மூலையில் நிற்கும் 4 அடி மீன் தொட்டிக்கு முன்னால் வரும்போதுதான் அவர்களும் கொஞ்சம் தயங்குவார்கள். பிறகு ஒருவர் கேட்பார்: "தண்ணிய பாதி எறச்சிட்டு அப்படியே தூக்கிருவோமா அண்ணாச்சி?"

தூக்கக் கூடாது. மீனை எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரோடு தூக்குவது, மீனோடு சேர்த்தே தூக்குவது, அடியில் நாலு விரல் தண்ணீர் மட்டும் விட்டுத் தூக்குவது என்று இந்த யோசனைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாமே தவறு.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது வீடுகளில் பரவலாகக் காணப்படும் அளவு. சென்டிமீட்டரில் 120, 45, 45. விளிம்புவரை நிரப்பினால் 243 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த தொட்டி, காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 50 கிலோ. அடியில் பரப்பிய கல் இன்னொரு 30, 40 கிலோ. மொத்தம் சுமார் 330 கிலோ வருகிறது. பாதித் தண்ணீரை இறைத்த பிறகும் 200 கிலோவுக்கு மேல் மிஞ்சும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே 648 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 800 கிலோவுக்கு மேல்.

எடையை விட மோசமானது அசைவு. நிலையாக நிற்கும் 4 அடித் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் எந்நேரமும் சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்திருப்பவை மூலைகளில் ஓடும் சிலிக்கான் ஒட்டுகள். சமதளத்தில், அடிக்கண்ணாடி முழுவதும் ஒரே சீராகப் பதிந்திருக்கும்போது அந்த ஒட்டுகள் பல ஆண்டுகள் தாங்கும். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் கை அரை அங்குலம் மேலே போய்விட்டால், தொட்டி முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிப்போய் அங்கே மோதும். கண்ணாடி அந்த இடத்திலேயே விரிசல் விடலாம். விடாமல் தப்பித்தால் அது இன்னும் ஏமாற்றும்: ஒட்டு உள்ளுக்குள் லேசாகப் பிரிந்திருக்கும், புது வீட்டில் தண்ணீர் நிரப்பிச் சில நாள் கழித்து ராத்திரியில் கசியத் தொடங்கும்.

ஒட்டுகளைப் பற்றிய இந்தக் கவலை வீட்டுத் தொட்டியோடு நிற்பதில்லை. ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ஒரு ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் 2003 முதல் நின்றிருந்த அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அன்று விடிவதற்கு முன் வெடித்தது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது. சுமார் 1,500 மீன்களில் ஏறக்குறைய எல்லாமே செத்தன. சிதறிய துண்டுகள் பட்டு இரண்டு பேர் காயமடைந்தார்கள். அதிகாலை நேரம் என்பதால் கூடத்தில் ஆட்கள் இல்லை, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. காரணத்தை நிபுணர்களால் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் அவர்கள் பரிசீலித்த சாத்தியங்கள் கவனிக்க வேண்டியவை: ஒட்டு விட்டுப்போனது, 2020இல் முடிந்த புதுப்பிப்பு வேலையின்போது அடிப்பகுதியில் பட்ட பள்ளம், அந்த வேலைக்காகத் தொட்டியைக் காலி செய்து உலர விட்டது. அதாவது, நிரம்பி நின்ற காலத்தில் நடந்தவற்றோடு காலி செய்து மறுபடி நிரப்பிய காலத்தில் நடந்தவையும் சந்தேகத்துக்கு உள்ளாயின. வீட்டுத் தொட்டிக்கும் ஆபத்தான நேரம் அதுதான்.

ஆகவே தொட்டி தனியாக, கல் தனியாக, தண்ணீர் தனியாக, மீன் தனியாகப் போக வேண்டும். இதை ஒப்புக்கொள்பவர்கள்கூட ஐந்தாவதாக ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததால் அது பட்டியலில் வருவதே இல்லை.

மீன் மூச்சு விடும்போதும் கழிக்கும்போதும் தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. அது மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அது தங்குவதில்லை, ஏனென்றால் ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் கல் இடுக்கிலும் குடியிருக்கும் இரண்டு வகை பாக்டீரியாக்கள் அதைக் கையாள்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதிய தொட்டியில் இந்தக் குடித்தனம் நிலைபெற நாலு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உடைந்த கண்ணாடியைக் கடையில் அன்றைக்கே மாற்றி வாங்கிவிடலாம். இதை எந்தக் கடையிலும் அன்றைக்கே வாங்க முடியாது.

வீடு மாற்றும் நாளில் இதைத்தான் முதலில் கொல்கிறோம், அதுவும் நல்ல எண்ணத்தோடு. "இவ்வளவு அழுக்கா இருக்கே" என்று ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவுகிறோம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மனிதனுக்குத் தீங்கு செய்யும் கிருமியையும் மீனுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கல்லைச் சாக்கில் கட்டி வெயிலில் வைக்கிறோம், காய்ந்துபோகிறது. மூடிய ஃபில்டரை அப்படியே தூக்கி வண்டியில் வைக்கிறோம். உள்ளே தண்ணீர் ஓடாததால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து, நாறிய தண்ணீர் மிஞ்சுகிறது. புது வீட்டில் மோட்டாரைப் போட்டதும் அந்த நாற்றம் அத்தனையும் தொட்டிக்குள் கொட்டுகிறது.

பயணத்தை நன்றாகத் தாங்கிய மீன்கள் நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக மேலே மிதப்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். "இடம் ஒத்துக்கல", "வாஸ்து சரியில்ல" என்று பேசிக்கொள்வார்கள். மீனுக்கு ஒத்துக்கொள்ளாதது இடம் இல்லை, அம்மோனியா.

செய்ய வேண்டியது எளிது. ஸ்பான்ஜைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே ஒரு தடவை மெதுவாக அலசி, அதே தண்ணீர் உள்ள வாளியில் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து எடுத்துப் போக வேண்டும். வழி நெடுகப் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் மோட்டாரின் கல்லை அதற்குள் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. புது வீட்டில் முதலில் ஓட வேண்டியது மின்விசிறி அல்ல, ஃபில்டர்தான். பாக்டீரியா அதிகம் வாழ்வது பரப்புகளில், தண்ணீரில் அல்ல. அதனால் பழைய தண்ணீர் முழுவதையும் டிரம் டிரம்மாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போதும். அதுவும் மீனுக்குப் பழகிய உப்பும் காரத்தன்மையும் சட்டென்று மாறாமல் இருப்பதற்காக.

பெரிய காட்சியகங்கள் இந்த உண்மையை நன்றாக அறிந்தவை. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா அறிவியல் கழகம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்காக 2004இல் தன் மீன் காட்சியகத்தையே நகரின் இன்னொரு பகுதிக்கு மாற்றியது. 2008 செப்டம்பரில் புதிய கட்டடம் திறந்தபோது மறுபடியும் ஒரு குடிபெயர்வு. மெதூசலா என்ற ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் அந்தக் காட்சியகத்தின் மூத்த குடி. 1938இல் கப்பலில் வந்து சேர்ந்தது. அதன் வயது ஏறக்குறைய 92 என்று 2023இல் மரபணுவை வைத்துக் கணித்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் சேரும் இடத்துத் தொட்டி முதலில் ஓடத் தொடங்கும், தண்ணீர் சோதிக்கப்படும், அதன் பிறகே மீன் வரும். சாவி முன்கூட்டியே கைக்கு வந்துவிட்ட வீட்டுக்காரரும் இதைச் செய்யலாம். புது வீட்டில் 2 அடியில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, பழைய ஸ்பான்ஜில் பாதியை அங்கே ஓட விட்டு, இரண்டு மூன்று மீன்களை ஒரு வாரம் முன்பே குடியேற்றிவிடலாம்.

மீனைக் கொண்டுபோகும் கலை நம் நாட்டில் பழையது. வங்காளத்தில் மீன் குஞ்சுகளை ஹண்டி என்ற பானைகளில் தண்ணீரோடு சுமந்து ரயிலில் தொலைதூரம் கொண்டுபோனார்கள். சுமப்பவர் வழி முழுவதும் பானையை ஆட்டிக்கொண்டும் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டும் இருப்பார். காற்று தண்ணீரில் கலக்க அதுவே வழி. பாலித்தீன் கவரும் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்த பிறகு அந்தக் கை ஓய்ந்தது. இன்று சென்னை கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் தெர்மோகோல் பெட்டிகளில் தென்கோடிவரை வருவது இந்த முறையில்தான்: கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், இறுக்கிய ரப்பர் பேண்ட். அளவாக மீன் போட்டால் 24 மணி நேரம் தாங்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தவறாமல் செய்யும் ஒன்றை வீட்டில் வளர்ப்பவர்கள் மனம் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பட்டினி. பண்ணையில் குஞ்சுகளைக் கவரில் அடைப்பதற்கு முன் இரை கொடுக்காமல் வைத்திருப்பார்கள். வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவு குறையும், அம்மோனியாவும் குறையும். வளர்ந்த மீனுக்கு ஒரு நாள், பெரிய மீன் என்றால் இரண்டு நாள் பட்டினி தீங்கு செய்யாது. "பாவம், தூரமாப் போகுதே" என்று கிளம்பும் காலையில் ஒரு பிடி இரை போடுவதுதான் தீங்கு.

கவருக்குள் இன்னொரு வேதியியலும் நடக்கிறது. மீன் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் தண்ணீரில் கரைந்து அதை லேசாக அமிலமாக்குகிறது. அமிலத் தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கற்ற வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பிஎச் அளவு 7லிருந்து 8க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். மணிக்கணக்காக அடைத்திருந்த கவரைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடுகிறது, பிஎச் ஏறுகிறது, அடங்கிக் கிடந்தது விழித்துக்கொள்கிறது. ஆகவே நெடுந்தூரம் வந்த மீனைக் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பழக்கக் கூடாது. மூடிய கவரைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும், கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. ராஜபாளையம் சாலையிலிருந்து புளியங்குடி சாலைக்கு மாறும் அரை மணிப் பயணத்துக்கு இந்தப் பயம் இல்லை. மூடி போட்ட வாளியும் ஏர் மோட்டாரும் போதும்.

நேரம் முக்கியம். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமாகக் குறையும். சூட்டில் மீனுக்கோ மூச்சு அதிகம் தேவைப்படும். சங்கரன்கோவில் வெயிலில் நண்பகலில் தகரம் சுடும் குட்டியானையில் மீன் வாளியை ஏற்றுவது வேண்டாத சோதனை. விடிகாலையில் கிளம்புவதே சரி. கட்டில், பீரோவெல்லாம் முந்தின நாளே ஏறி இறங்கிவிட, கடைசி நடையாக மீன் போகட்டும்.

மீனைப் பிடிக்கும் வரிசையும் உண்டு. முதலில் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் அணைத்து அரை மணி கழித்துத்தான் தண்ணீரை இறக்க வேண்டும், சூடாக இருக்கும்போது காற்றில் பட்டால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். அடுத்து மரக்கட்டை, பொம்மை, செடி ஆகியவற்றை எடுத்துவிடலாம். நல்ல தண்ணீரை மேலிருந்து டியூப் வைத்து டிரம்மில் இறக்கிச் சேமித்துவிட்டு, மட்டம் நன்றாகத் தாழ்ந்ததும் மீனைப் பிடிக்கலாம், துரத்த வேண்டியிருக்காது. ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெரிய மீன்களை வலையில் தூக்கினால் செதில் உரியும். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து மீனை உள்ளே நடத்திக்கொண்டு வருவது நல்லது. அரோவானா துள்ளும், மூடியைக் கட்ட வேண்டும். சக்கர் மீனின் முள் கவரைக் கிழிக்கும், அதற்கு வாளிதான். எல்லா மீனும் வெளியேறிய பிறகே கல்லைக் கிளற வேண்டும். ஆண்டுக்கணக்காக அடியில் தேங்கிய அழுக்கும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவும் அப்போதுதான் கிளம்பும்.

இனி தொட்டி. வெற்றுத் தொட்டி 50 கிலோ என்றால் "நான் ஒருத்தனே போதும்" என்று சொல்லும் லோடுமேன் இருப்பார். வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. பிடிமானமே இல்லாத வழுவழுப்பான கண்ணாடியில் அந்த எல்லையை இன்னும் கீழே வைத்துக்கொள்வதுதான் நியாயம். 4 அடிக்கு நாலு பேர், 120 கிலோவை எட்டும் 6 அடிக்கு ஆறு பேர். எடையை முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தக்க கூலி பேசி, கையுறையும் மூடிய செருப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. கண்ணாடி விழுந்தால் போவது தொட்டி மட்டும் அல்ல, ஒருவரின் கைவிரலும் அவர் குடும்பத்தின் வருமானமும்.

பிடிப்பது அடிக்கண்ணாடியில். மேல் விளிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும். வண்டியில் பழைய மெத்தையோ, பலகைமேல் தெர்மோகோலோ விரித்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தியே வைக்க வேண்டும். உள்ளே எதையும் போடக் கூடாது. காலியாகத்தானே இருக்கிறது என்று தலையணையும் பாத்திரமும் அடைப்பது பெரிய தவறு, வேகத்தடையில் ஒரு குக்கர் மூடி போதும் கண்ணாடியைக் கீறிவிட. நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டாமல், பக்கங்களில் மெத்தையை அணைத்து, ஒருவர் கூடவே உட்கார்ந்து போவது நல்லது.

புது வீட்டில் தொட்டியை எங்கே வைப்பது என்பதை ஜன்னலும் சோபாவும் தீர்மானிக்கக் கூடாது, தரை தீர்மானிக்க வேண்டும். தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி என்றால் யோசிக்க வேண்டும். குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை. 4 அடித் தொட்டி தான் நிற்கும் அரைச் சதுர மீட்டரில் 330 கிலோவை இறக்குகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். கான்கிரீட் தளம் அந்தச் சுமையைச் சுற்றிலும் பரப்பிக்கொள்ளும் என்பதால் சுவரோரம், பீமுக்கு மேல் வைத்தால் பெரும்பாலும் தாங்கும். அறையின் நடுவில் வைக்கக் கூடாது. மர உத்திரம் போட்ட பழைய மச்சு வீட்டின் மாடியில் 4 அடித் தொட்டி வைப்பதை, பொறியாளர் ஒருவர் பார்க்காமல் நினைத்தும் பார்க்கக் கூடாது. 6 அடித் தொட்டியை எந்த மாடியில் ஏற்றுவதற்கு முன்பும் பொறியாளரைக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்டாண்டை வைத்ததும் கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கோணல் இருந்தால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகினால், செருகிய இடத்தில் மட்டும் எடை குவிந்து அடிக்கண்ணாடி பிளக்கும். பலகைமேல் தெர்மோகோல் ஷீட் அரை அங்குலம் போட்டு அதன்மேல் தொட்டி. பாதி நிரப்பி ஒரு மணி நேரம் நிறுத்தி, மூலைகளில் விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மீதியை நிரப்பலாம். மோட்டார் வயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கிப் பிறகு மேலேறட்டும், வயர் வழியே வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாமல் தரையில் விழும்.

எந்தத் தண்ணீர் என்பது இந்த ஊரில் தனிக் கேள்வி. பழைய வீட்டில் நகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த மீனைப் புது வீட்டு போர் தண்ணீரில் நேராக விட்டால், உப்பும் காரமும் ஒரே நாளில் மாறிவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்திருக்கலாம், அவசரத்துக்கு மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு உதவும். போர் தண்ணீர் என்றால் பழைய தண்ணீரோடு சிறுகச் சிறுகக் கலந்து, பல நாட்களில் பழக்க வேண்டும். முதல் நாள் விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம். மறுநாள் வழக்கத்தில் கால்வாசி இரை. முதல் இரண்டு வாரம் அம்மோனியாச் சோதனைக் கிட்டில் தினமும் பார்த்து, நிறம் மாறினால் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

புது வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாத மீன்களும் இருக்கும். கையளவில் வாங்கிய சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்திருக்கும், புது வீட்டில் இடம் இருக்காது. "உயிரைக் கொல்ல வேண்டாம்" என்று பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். மனம் நல்லதுதான், விளைவு கெட்டது. ஜிலேபிக் கெண்டை 1952இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளத்தைத் தமிழ்நாட்டில் தேட வேண்டியிருக்கிறது. சக்கர் மீனும் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் ஏற்கனவே பெருகிவிட்டது. தாமிரபரணிக்கு என்றே ஒரு கெண்டை இனம் உண்டு. இ. ஜி. சைலஸ் 1954இல் ஆற்றின் பெயரையே சேர்த்து அதை விவரித்தார். உலகெங்கும் மீன் வளர்ப்போர் விரும்பித் தேடும் அந்த மீன் பிறந்த ஆற்றுப் படுகையில் தென் அமெரிக்காவின் சக்கர் மீனுக்கு இடம் கொடுக்க முடியாது. மிஞ்சிய மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கக் கேட்கலாம், பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். குட்டியானைக்குச் சொல்லுவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த வீட்டைத் தேடத் தொடங்கிவிட வேண்டும்.